எதைப் பார்த்தாலும் ஒரு பாடம் தோன்றியாக வேண்டுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆற்காடு பக்கம் ஒரு கிராமச் சபையில் உங்களைச் சண்டே ஸ்கூல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பாஸ்டர் வேப்பமரத்தைப் பார்த்தாலும் சரி, பஞ்சரான ஆட்டோவைப் பார்த்தாலும் சரி, அதிலிருந்து ஆவிக்குரிய பாடம் ஒன்றை எடுத்துவிடுகிறார். உங்களுக்கோ எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. இதை எப்படிப் பழகுவது, கூடவே கழுகு நாற்பது வயதில் தன் அலகைப் பாறையில் உடைத்துக்கொள்கிற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் ‘எனக்கு அந்தக் கண் இல்லையோ’ என்கிற பயம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேலூர் மாவட்டப் பள்ளிகளில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன். ஒரு ஆயருக்கு ஏழெட்டு ஊர் இருக்கும் பகுதி இது. அவர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கம் என் தலையில் விழும். முறையாக இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. எபிரெயமும் கிரேக்கமும் உரைநூல்களைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கழுகை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் சந்தேகமே இல்லை. கழுகு எழுபது வருடம் வாழும், நாற்பதில் மலைக்குப் போய் அலகை அடித்து உடைக்கும், நகத்தைப் பிடுங்கும், 150 நாள் காத்திருந்து புதிதாகும் என்பது முழுக்கக் கட்டுக்கதை. அலகில்லாத பறவை 150 நாள் எதைத் தின்னும்? அலகு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே, தேய்ந்துகொண்டே இருக்கும். இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து முளைக்கும். பெரிய கழுகுகள் காட்டில் இருபது, முப்பது வருடம் வாழ்ந்தாலே அதிகம். ஆனால் 103-ஆம் சங்கீதத்தில் ‘கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது’ என்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இறகு உதிர்ந்து புதிதாவதைச் சங்கீதக்காரன் நினைத்திருக்கலாம், பறவையின் வலிமையை மட்டும் நினைத்திருக்கலாம். உரையாசிரியர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அலகை உடைப்பது அந்த வசனத்தில் எங்கும் இல்லை. இன்னொன்று, அங்கே வருகிற எபிரெயச் சொல் ‘நெஷெர்’. அது பிணந்தின்னிக் கழுகையும் சேர்த்துக் குறிக்கும். மீகா 1:16-ல் ‘கழுகைப்போல முழுமொட்டையாயிரு’ என்று வருவது அதனால்தான். தலையில் இறகில்லாதது பிணந்தின்னிக் கழுகு. ஆகவே கதையை விடுங்கள், வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நாளைக்கு உயிரியல் படித்துவிட்டு வந்து, ‘கழுகு பொய்யென்றால் மற்றதும் பொய்யா’ என்று கேட்கும்போது நமக்குத்தான் வாயடைத்துப் போகும்.

தமிழ் வேதாகமம் வாசிக்கிற நமக்கென்றே இருக்கும் ஒரு சிக்கல் பனை. ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்கிறது 92-ஆம் சங்கீதம். நாம் உடனே ஏரிக்கரைப் பனைகளை நினைத்துக்கொண்டு நுங்கு, பதநீர், ஓலை, மட்டை என்று ஒன்று விடாமல் பயன்களை அடுக்கிப் பிரசங்கம் பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கிறேன். எபிரெயத்தில் அங்கே இருப்பது ‘தாமார்’, பேரீச்சை. மொழிபெயர்த்தவர்கள் தமிழருக்குத் தெரிந்த மரத்தைப் போட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயன்களை அடுக்கத் தொடங்கினால் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள். ஒரு கிராமத்தில் நான் ‘நீதிமான் பனை, ஆகவே நுங்கு கொடுப்பான்’ என்று சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், ‘அப்ப ஆண்பனை?’ என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஆண்பனையில் நுங்கு கிடையாது. பேரீச்சையிலும் ஆண் தனி, பெண் தனிதான். சங்கீதக்காரன் சொல்வது ஒன்றே ஒன்று: அவர்கள் முதிர்வயதிலும் கனி தருவார்கள். பனை முதல் பாளை விட ஒரு டஜன் வருடத்துக்கு மேல் ஆகும். கொள்ளுத் தாத்தா வைத்த மரம் பேரன் காலத்திலும் காய்க்கும். ஒப்புமைக்கு அந்த ஒரு முனை போதும். எல்லா முனையையும் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும்.

சரி, பாடம் என்பது பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதா, நாம் கொண்டுபோய் வைக்கிறோமா? காக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று வள்ளுவர் அதில் உறவைக் கூட்டி உண்ணும் குணத்தைக் கண்டார். இயேசு அதே வகைப் பறவையைக் காட்டி, அது விதைக்கிறதில்லை, அறுக்கிறதில்லை, தேவன் அதையும் பிழைப்பூட்டுகிறார் என்றார், லூக்கா 12-ல். அதுவும் லேவியராகமத்தின்படி தீட்டான பறவை அது. புறாவைச் சொல்லாமல் காக்கையைச் சொன்னதில் ஒரு குறும்பு இருக்கிறதென்று நினைக்கிறேன், அது என் ஊகம்தான். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை இரண்டையும் சொல்லவில்லை. பார்த்தவர் எதை அறிந்திருந்தாரோ அதிலிருந்து பாடம் வந்தது. உங்கள் பயத்துக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தோன்றாதது கண்ணின் குறையாக இல்லாமல் இருக்கலாம். வேதத்தை ஒரு பக்கமும் காக்கையை இன்னொரு பக்கமும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கலாம்.

படைப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வது வேதமேதான், இதில் குழப்பம் இல்லை. எறும்பினிடத்தில் போ என்கிறது நீதிமொழிகள். மிருகங்களைக் கேட்டுப்பார் என்கிறது யோபு. காட்டுப்புஷ்பங்களைப் பற்றி மத்தேயு 6:28-ல் ‘கவனித்துப்பாருங்கள்’ என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஊன்றிப் பார் என்ற கனம் இருக்கிறது. படைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தேவனை எவ்வளவு தூரம் அறியலாம் என்பதில்தான் சபைக்குள்ளேயே சண்டை. 1934-ல் எமில் புருன்னர், கார்ல் பார்த் என்ற இரண்டு சுவிஸ் இறையியலாளர்கள் இதற்காகவே முட்டிக்கொண்டார்கள். ஓரளவு அறியலாம் என்றார் புருன்னர். பார்த் தன் பதிலுக்கு ‘இல்லை!’ என்றே தலைப்புப் போட்டார். நான் இருவருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறேன். 19-ஆம் சங்கீதம் வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று தொடங்கி, இரண்டு வசனம் தள்ளி, அவைகளுக்குப் பேச்சுமில்லை வார்த்தையுமில்லை என்கிறது. ஏழாம் வசனத்தில் வேதத்துக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கு அந்த வரிசை போதும்.

இப்போது நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், கணியம்பாடி பக்கம் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகை. பலிபீடத்தின் முன்னால் பூசணி, நெல், வாழைத்தார், காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல், அப்புறம் மண்ணோடு பிடுங்கி வந்த வேர்க்கடலைச் செடிக்கட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அரித்தது. ‘வேர்க்கடலை வேரில் காய்க்கிறது. நாமும் கிறிஸ்துவுக்குள் வேர்கொண்டால் காய்ப்போம்’ என்று சொல்லிவிட்டேன். தாவரவியல் வாத்தியார்! வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். ஆராதனை முடிந்து, படைத்த பொருள்களை ஏலம் விடுவதற்கு முன் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கட்டிலிருந்து ஒரு செடியை உருவி, மண்ணை உதறி, வேரை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ‘ஐயா, வேருல எங்க காய்க்குது? பூவு இல்ல எறங்குது?’ என்றார். விரலால் தொட்டுக் காட்டினார். தண்டின் கணுவிலிருந்து ஊதா கலந்த பச்சையில் ஈர்க்குச்சி மாதிரி ஒன்று கீழே இறங்கி, அதன் நுனியில் காய். வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மல்லாட்டை என்று சொல்லும் இந்தச் செடியின் கதை உண்மையிலேயே விசித்திரமானது. மஞ்சள் பூ விடியலில் விரியும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். தன் மகரந்தத்திலேயே கருவுற்றபின், சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு விழுதாகி மண்ணைத் தேடி இறங்கும். மண்ணுக்குள் இருட்டில் போனபின்தான் நுனி படுக்கையாகத் திரும்பிக் காயாகப் பருக்கும். வெளிச்சத்தில் பருக்காது. மேல்கிளையில் பூத்த பூக்களின் விழுது தரைக்கு எட்டாமலே காய்ந்துவிடும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அந்தக் காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது, வேர் கொண்டுவந்து ஊட்டுவதில்லை. அதனால்தான் 40, 45-ஆம் நாளில் களை வெட்டி, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போட்டு, மண் அணைத்துவிட்டு, அதற்குமேல் நிலத்தைக் கிளறக் கூடாது என்கிறார்கள். அந்த அம்மாவின் வார்த்தையில், ‘மண்ணு இறுகிட்டா எறங்காது, எறங்கினப்புறம் கிளறினா நிக்காது.’

நான் ஜோடித்த பாடத்தைவிட இந்த உண்மையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணு என்று மத்தேயு 6-ல் சொன்னவரையும், இருட்டில் மட்டும் பருக்கும் காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் ஒன்றும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு ஜாக்கிரதை. கடலை இப்படிக் காய்ப்பதால் அந்தரங்க ஜெபம் சரி என்று நிரூபணமாகிவிடாது. வெண்டை பகல் வெளிச்சத்தில்தான் காய்க்கிறது. அதை வைத்து வீதியில் நின்று ஜெபம் பண்ணலாம் என்று வாதாடுவீர்களா? சத்தியம் வசனத்திலிருந்து வருகிறது. செடி அதைப் பிள்ளையின் மனதில் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அம்மா அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடுவார். செடி கொடி பற்றி நான் வாயைத் திறந்தால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் மேலே போவேன்.

பாலாறு இன்னும் கஷ்டமான விஷயம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டது, ஆறு மட்டும் அப்படியே. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் தாண்டி, தமிழ்நாட்டில் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும் ஆறு, வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். சின்ன வயதில் நாங்கள் அந்த மணலைக் கையால் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும், முதலில் கலங்கலாக, இரண்டு தடவை இறைத்துவிட்டால் கண்ணாடி மாதிரி. அதை வைத்து, ‘மேலே வறட்சி, அடியில் கிருபை’ என்று எத்தனையோ பேர் பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறேன். நல்ல பிரசங்கம்தான். ஆனால் யோபு 6-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு அதே ஆற்றைப் பாருங்கள். தன் சகோதரர் காட்டாற்றைப் போல மோசம்பண்ணுகிறார்கள் என்கிறான் யோபு. தண்ணீர் இருக்கும் என்று நம்பி வந்த பயணக்கூட்டம் வறண்ட படுகையைப் பார்த்து வெட்கிப்போகிறது. எரேமியா ஒருபடி மேலே போய், நீர் எனக்கு நம்பப்படாத ஊற்றைப்போல இருப்பீரோ என்று தேவனிடமே கேட்கிறான். வறண்ட ஆற்றில் கிருபையை மட்டும் பார்க்கும்படி வேதம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏமாற்றத்தை ஏமாற்றம் என்று சொல்லவும் அதில் இடமிருக்கிறது.

இன்னொன்று, அந்த ஊற்று இப்போது பல இடத்தில் இல்லை. மணலை அள்ளிவிட்டார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆக, பாலாற்று மணலைக் காட்டி மறைந்திருக்கும் கிருபையைப் பற்றிப் பேசுகிறவர், ஊற்றைக் கெடுத்தது யார் என்பதையும் பேசியாக வேண்டும். எசேக்கியேல் 34-ல் தேவன் ஆடுகளைப் பார்த்து அதைத்தான் கேட்கிறார்: தெளிந்த தண்ணீரை நீங்கள் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்கிப்போட வேண்டுமா? ஆனால் தோல் பதனிடுகிறவர்களை மேடையிலிருந்து சாடுவது சுலபம். நம் சபைகளில் பாதி வீடுகளுக்கு அந்தத் தொழிற்சாலைகளிலிருந்தும் ஷூ கம்பெனிகளிலிருந்தும்தான் சம்பளம் வருகிறது. யோப்பாவில் பேதுரு அநேக நாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்துதான், தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டென்று சொல்லாதே என்ற தரிசனத்தை அவன் கண்டான். ஆம்பூர்க்காரருக்கு இந்த இடத்தை விளக்கவே தேவையில்லை, மூக்கே விளக்கிவிடும்.

2021 நவம்பரில் அதே பாலாறு கரை புரண்டது. பல வருடமாகப் பார்க்காத வெள்ளம், பாலங்கள் உடைந்தன, வீடுகள் போயின. அந்த வாரம் ஒருவர் அதை ஆசீர்வாத மழை என்றார், இன்னொருவர் நியாயத்தீர்ப்பு என்றார். இரண்டு பேரும் வசனம் காட்டினார்கள். இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: நடந்த துயரத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை நமக்குக் கொடுக்கப்படவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்ற எல்லாரைவிடவும் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்பச் சொன்னார், ஆனால் செத்தவர்களின் கதையை வாசித்துக் காட்ட மறுத்தார். இயற்கை எல்லாம் நமக்கு முன்மாதிரி என்பதும் சரிவராது. யோபு 39-ல் தீக்கோழியைத் தேவனே எடுத்துக்காட்டி, அது முட்டையைத் தரையில் விட்டுவிட்டுப் போகும், அதற்குப் புத்தியைக் கொடுக்கவில்லை என்கிறார்.

அன்றாடக் காட்சிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் எனக்கு ஒரே ஒரு எல்லைக்கோடு உண்டு. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வரும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் தெருக்களில் நடந்திருப்பீர்கள். பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து, மீன் குழம்பு மணக்கும் மெஸ், கையில் பெரிய எக்ஸ்ரே கவரோடு ஊர் தெரியாமல் நிற்கும் குடும்பங்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, லாட்ஜ் வாசற்படியில் ஒருவர் தூங்கும் தன் மகனின் செருப்பை மட்டும் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த செருப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தார். உதாரணத்துக்கு அருமையான காட்சி, அடுத்த ஞாயிறே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோபுவின் நண்பர்கள் ஒழுங்காக இருந்தது அவனோடு வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்த ஏழு நாள்தான். பேச ஆரம்பித்தபின்தான் கெடுத்தார்கள். அவரைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒரு டீ வாங்கிக் கொடுப்பது. பாஷை தெரியாது, சைகையில் கேட்டேன், வாங்கிக்கொண்டார். இங்கே இதை எழுதுவதே கொஞ்சம் உறுத்துகிறது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதற்கு என் பழக்கம் இதுதான். பாடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு ஏற்ற பூச்சியைத் தேடாதீர்கள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், பத்து நிமிடம் ஒரே பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள், அன்றைக்குப் பாடம் எதுவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லட்டும். அடுத்த வாரம் அதற்குரிய வசனத்தைத் திறங்கள். அவர்களே முடிச்சுப் போட்டால் நல்லது, போடாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களுக்கே ஒன்றும் தோன்றாத வாரங்களில் தோன்றவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம், செடியோ பூச்சியோ எதுவானாலும், அதை வளர்க்கிறவர் சபையில் ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போல ஏலத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் எங்கள் சபைச் சுவரோரம் எறும்புச் சாரியைப் பார்க்க ஒன்பது பிள்ளைகளை உட்கார வைத்தேன். நீதிமொழிகளை மனதில் வைத்துக்கொண்டுதான். செத்த தேனீ ஒன்றை நாலைந்து எறும்பு இழுத்துக்கொண்டு போயின. ஒரு சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு, கன்னத்தை ஏறக்குறைய தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், ‘சார், இதுல ரெண்டு எறும்பு சும்மாவே சுத்துது, எதுவும் தூக்கல’ என்றாள். குனிந்து பார்த்தேன். உண்மைதான். எறும்புப் புற்றில் கணிசமான எறும்புகள் பல நேரம் வேலை செய்யாமல் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். எறும்பைப் பற்றி நீதிமொழிகளில் சொன்ன சாலொமோன் இதைக் கவனித்தாரா என்று அவள் கேட்டாள். நானும் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அந்த இரண்டும் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.